எக்செல் பைல் ஊதிப் போச்சா? பத்திரப் பக்கங்கள் ஏற்றும்போது வரும் கோளாறுகளும் சரிக்கட்டும் வழிகளும்

காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முதல்நாள் இரவு மல்லாவிப் பக்கமிருந்து ஒரு அக்கா போன் எடுத்தார். “தம்பி, பைல் போகுதில்லை. ஒரு மணித்தியாலமா சுத்திக்கொண்டே நிக்குது, டேட்டாவும் முடியப்போகுது.” அவர் ஒரு கமக்கார அமைப்பின் செயலாளர். 43 உறுப்பினர்களின் விவரத்தை எக்செலில் அடித்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே அடையாள அட்டையின் படத்தையும் காணி பெர்மிட்டின் முதல் பக்கத்தையும் ஒட்டியிருந்தார். 86 படங்கள். பைல் 189 எம்பி. பெயரும் இலக்கமும் காணி அளவும் மட்டும் இருந்தால் அந்த ஷீட் 30 கேபி கூட வராது, மிச்சம் முழுக்க படத்தின் பாரம். அதே 86 படங்களோடு அதை 11 எம்பிக்குக் கொண்டுவந்தோம், ஒரு எழுத்தும் அழியவில்லை.

மாதர் சங்கம், சிக்கனக் கடனுதவிச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம் என்று யாரிடமிருந்து கேள்வி வந்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆகவே உங்களுக்கு என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஆனால் அதற்கு முன் அடுத்த பந்தியை மட்டும் வாசித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் சனத்திடம் இருக்கிற பல பத்திரங்களுக்கு இரண்டாவது பிரதி கிடையாது. 2009 வரை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஷொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்ததில் தப்பியவை கொஞ்சம், அதிலும் 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் புகுந்தபோது நனைந்து மை கரைந்தவை இருக்கின்றன. அப்படி ஒரு தாளை நீங்கள் ஸ்கான் பண்ணும்போது, நாளைக்கு அந்தத் தாள் உதிர்ந்துபோனால் அந்த ஸ்கான்தான் இருக்கப்போகிறது. பைலைச் சின்னனாக்குவது என்றால் படத்திலிருந்து புள்ளிகளை எடுத்து எறிவது. எறிந்தது திரும்பி வராது. எனவே இரண்டு போல்டர் வையுங்கள். ‘மூலம்’ என்ற போல்டரில் ஸ்கான் வந்தபடியே கிடக்கட்டும், அதில் யாரும் கை வைக்கக்கூடாது. ‘சின்னன்’ என்ற போல்டரில் அதன் கொப்பி. கீழே சொல்வது எல்லாம் கொப்பிக்கு மட்டும்.

“எது பாரம் என்றே தெரியவில்லை”

ஊகித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை, திறந்தே பார்க்கலாம். ‘.எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ என்று முடியும் பைல் உண்மையில் பல பைல்களை ஒன்றாக ஒடுக்கிக் கட்டிய ஒரு சிப் பொதிதான். பைலை ஒரு கொப்பி எடுங்கள். விண்டோஸில் வியூ மெனுவுக்குள் போய் ‘பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை இயக்கினால் பெயரின் வால் தெரியும். அந்த வாலை அழித்து ‘.சிப்’ (.zip) என்று ஆங்கில எழுத்தில் மாற்றுங்கள். எச்சரிக்கை ஒன்று வரும், யெஸ் கொடுங்கள். இப்போது டபிள் கிளிக் பண்ணினால் உள்ளே ‘எக்ஸ்எல்’ என்று ஒரு போல்டர், அதற்குள் பல போல்டர்கள்.

மூன்றைப் பார்த்தால் போதும். ‘மீடியா’வில் நீங்கள் ஒட்டிய படங்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் எத்தனை எம்பி என்று பக்கத்திலேயே காட்டும். ‘எம்பெடிங்ஸ்’ என்ற போல்டர் இருந்தால் யாரோ வேர்ட் பைலையோ பிடிஎஃப்பையோ முழுதாக உள்ளே வைத்திருக்கிறார்கள். ‘வேர்க்ஷீட்ஸ்’ போல்டர்தான் பெரிது என்றால் படத்தில் குறை இல்லை, கலங்களில்தான் ஏதோ இருக்கிறது. அக்காவின் பைலில் மீடியா போல்டருக்குள் 86 போட்டோவும் போனில் எடுத்தபடியே, ஒன்று 2 எம்பி, ஒன்று 2.4 எம்பி என்று இருந்தன.

திறக்கும்போதே பாஸ்வேர்ட் கேட்கும் பைல் என்றால் இப்படிச் சிப்பாகத் திறக்காது. முதலில் கொப்பியிலிருந்து பாஸ்வேர்டை எடுத்துவிட்டுச் செய்யுங்கள், பார்த்து முடிந்ததும் அந்தக் கொப்பியை அழித்துவிடுங்கள்.

“மூலையைப் பிடித்துச் சின்னனாக்கினேன், பைல் அப்படியே இருக்கிறது”

மூலையைப் பிடித்து இழுப்பது பார்வைக்கு மட்டும்தான். தபால் முத்திரை அளவுக்குக் கொண்டுவந்தாலும் உள்ளே முழுப் போட்டோவும் உறங்கிக்கொண்டிருக்கும். வெட்டினாலும் அப்படித்தான், குரொப் பண்ணிய ஓரம் மறைகிறதே தவிர போகவில்லை. போகச் செய்ய வேண்டுமென்றால் ஒரு படத்தைக் கிளிக் பண்ணி, மேலே வரும் ‘பிக்சர் போர்மட்’டுக்குள் ‘கொம்பிரஸ் பிக்சர்ஸ்’ என்பதைத் திறக்க வேண்டும். அங்கே ‘அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்’ என்பதன் சரியை எடுத்தால் எல்லாப் படத்துக்கும் சேர்த்துச் செய்யும். ‘டிலீட் குரொப்ட் ஏரியாஸ்’ என்பதில் சரி இருக்கட்டும். கீழே 330, 220, 150, 96 என்று தெரிவுகள் இருக்கும்.

ஆனால் அதை அமத்த முதல் அடுத்த தலைப்பையும் வாசியுங்கள், ஏனென்றால் கூடுதலான பேர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

“கொம்பிரஸ் பண்ணினேன், இப்போது எழுத்தை வாசிக்க முடியவில்லை”

அந்த 150 என்பது ஒரு அங்குலத்துக்கு 150 புள்ளி. எந்த அங்குலம்? தாளின் அங்குலம் இல்லை, ஷீட்டில் படம் இப்போது எந்த அளவில் நிற்கிறதோ அந்த அங்குலம். காணி பெர்மிட்டை ஒரு கலத்துக்குள் அடங்கும்படி 3 சென்ரிமீற்றர் அகலத்துக்குச் சுருக்கி வைத்துவிட்டு 150 இல் கொம்பிரஸ் பண்ணினால் மிஞ்சுவது குறுக்கே சுமார் 177 புள்ளி மட்டும். அதே ஏ4 தாள் முழு அகலத்தில் நிற்கும்போது செய்திருந்தால் 1240 புள்ளி மிஞ்சியிருக்கும். 177 புள்ளியில் பெர்மிட் இலக்கம் ஒரு சாம்பல் கோடாகத்தான் தெரியும், இழுத்துப் பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடையும். சேவ் பண்ணி மூடிவிட்டால் பின்னுக்குப் போகவும் வழியில்லை. ‘மூலம்’ போல்டர் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். ஒரு முறை 1980களின் பெர்மிட் ஒன்று இப்படிச் சுருங்கியதைப் பார்த்தேன், பையன் போட்டோ எடுத்த போனையும் விற்றுவிட்டான். நல்லகாலம் தாள் வீட்டில் இருந்தது.

அதனால் என் வழக்கம், எக்செலைக் கொண்டு சுருக்குவதே இல்லை. படத்தை வெளியிலேயே அளவாக்கிவிட்டு உள்ளே கொண்டுபோவேன். கணக்கு இதுதான்: ஏ4 தாள் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480 க்கு 3508 புள்ளி, ஏறத்தாழ 87 இலட்சம். 150 டிபிஐயில் 1240 க்கு 1754, அதாவது காற்பங்கு. பாதியாக்கினால் காற்பங்காகிறது, ஏனென்றால் அகலமும் உயரமும் சேர்ந்து குறைகின்றன. டைப் பண்ணிய கடிதமோ கையெழுத்துப் படிவமோ 1240 புள்ளி அகலத்தில் திரையில் தெளிவாக வாசிக்கலாம், திருப்பி ஏ4 இல் பிரிண்ட் எடுத்தாலும் பரவாயில்லை. அடையாள அட்டை சின்னது, அதற்கு 1000 புள்ளி தாராளம். அதோடு நிறம் தேவையில்லாத பக்கத்தைச் சாம்பல் நிறமாக்கி, ஜேபெக்காக நடுத்தரத் தரத்தில் சேவ் பண்ணினால் ஒரு பக்கம் 100 இலிருந்து 150 கேபிக்குள் வரும். அக்காவின் 86 படங்களும் 11 எம்பியானது இப்படித்தான், வேறு வித்தை எதுவும் இல்லை.

ஒன்றிரண்டு படமென்றால் பெயின்டில் திறந்து ‘ரீசைஸ்’ கொடுத்து அகலத்துக்கு 1240 அடித்தால் போதும். எண்பது தொண்ணூறு என்றால் மைக்ரோசொஃப்டின் பவர்டொய்ஸ் என்ற இலவச மென்பொருளில் ‘இமேஜ் ரீசைசர்’ இருக்கிறது. போட்டோக்களை எல்லாம் தெரிவு செய்து ரைட் கிளிக், ஒரே தடவையில் முடிந்துவிடும். அதில் ‘ரீசைஸ் த ஒரிஜினல் பிக்சர்ஸ்’ என்று ஒரு பெட்டி உண்டு, அதில் சரி போட்டுவிடாதீர்கள், மூலத்தையே சுருக்கிவிடும்.

இணையத்தில் இலவசமாகச் சுருக்கித் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றன. சங்கத்து ஆட்களின் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் அங்கே ஏற்றாதீர்கள். அது உங்களை நம்பித் தந்தது, யார் வீட்டு சேர்வரிலோ போய்க் கிடக்கக் கூடாது.

அப்புறம், சுருக்கிய படத்தை எக்செல் இரண்டாம் தரமும் தொடாமல் இருக்க பைல், ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று போய் ‘இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி’ என்ற பகுதியில் ‘டூ நொட் கொம்பிரஸ்’ என்பதில் சரி போடுங்கள். இந்த அமைப்பு ஒவ்வொரு பைலுக்கும் தனித்தனி. புதுப் பைல் தொடங்கினால் திரும்பவும் பார்க்க வேண்டும்.

“ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஒட்டும்போதுதான் பாரம் ஏறுகிறது”

திரையில் பிடிஎஃப்பைத் திறந்து, வெட்டி எடுத்து, நேரே ஷீட்டில் ஒட்டினால் எக்செல் அதைப் பெரும்பாலும் பிஎன்ஜியாக வைக்கும். பிஎன்ஜி ஒரு புள்ளியையும் விடாது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து சுத்தமாக இருந்தால் அது நல்லது, ஜேபெக்கைவிடச் சின்னதாகவே வரும். ஆனால் போனில் எடுத்த பழைய பெர்மிட்டில் மடிப்பு, செம்மண் கறை, விரல் நிழல், தாளின் மஞ்சள் எல்லாம் இருக்கும்; அவ்வளவையும் ஒவ்வொரு புள்ளியாக எழுதி வைக்கும்போது ஒரு படம் 2, 3 எம்பிக்குப் போய்விடும். மீடியா போல்டரில் ‘.பிஎன்ஜி’ வால்களோடு பெரிய பைல்கள் நின்றால் காரணம் இதுதான்.

வெட்டியதை நேரே ஒட்டாமல் ஸ்னிப்பிங் டூலில் ஜேபெக்காக சேவ் பண்ணி, இன்சர்ட், பிக்சர்ஸ் வழியாகக் கொண்டுவாருங்கள். அவசரமென்றால் ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ போய் ஜேபெக்கைத் தெரிவு செய்யலாம். ஏற்கெனவே ஒட்டியதற்கும் இதே வழிதான்: வெட்டி எடுத்து பேஸ்ட் ஸ்பெஷலால் திரும்ப ஒட்டுங்கள்.

“ஒரு பக்கம்தான் தெரிகிறது, ஆனால் 12 எம்பி ஏறிவிட்டது”

இன்சர்ட்டில் ‘ஒப்ஜெக்ட்’ என்பதை எடுத்து, பைலைக் காட்டி உள்ளே வைத்திருப்பீர்கள். திரையில் முதல் பக்கம் மட்டும் தெரியும், ஆனால் உள்ளே போனது 40 பக்க அறிக்கை முழுவதும், அதில் இருக்கிற போட்டோக்களோடு. மேலதிகமாக அந்த முதல் பக்கத்தைக் காட்டுவதற்கென்று ஒரு படமும் மீடியா போல்டருக்குள் போயிருக்கும். ‘டிஸ்பிளே ஆஸ் ஐகன்’ போட்டால் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குறைவது அந்தக் காட்டும் படம் மட்டும்தான், 40 பக்கமும் அப்படியே இருக்கும். இதில் இன்னொரு ஆபத்து, நீங்கள் ஒரு பக்கம் அனுப்புகிறேன் என்று நினைத்து முழு அறிக்கையையும் அனுப்பிவிடுவீர்கள். பெறுபவர் டபிள் கிளிக் பண்ணினால் கடைசிப் பக்கத்து வங்கிக் கணக்கு விவரம் வரை வாசிக்கலாம்.

தேவையான பக்கத்தை மட்டும் பிரியுங்கள். பிரிண்ட் கொடுத்து, பிரிண்டருக்குப் பதிலாக ‘மைக்ரோசொஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ என்பதைத் தெரிவு செய்து, பக்க இலக்கம் போட்டால் அந்தப் பக்கம் மட்டும் தனிப் பைலாக வரும். ஸ்கான் பண்ணிய பக்கமென்றால் சில வேளை முன்னதைவிடப் பெரிதாகவும் வரும், அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாசித்தால் போதும் என்ற பக்கத்தைப் படமாக எடுத்து மேலே சொன்னபடி ஒட்டுங்கள். ஒப்ஜெக்ட் தேவைப்படும் சந்தர்ப்பம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

கொமினிகேஷன் கடையில் ஸ்கான் பண்ணக் கொடுப்பவர்கள், கேட்காவிட்டால் அவர்கள் வழக்கமாக வைத்திருக்கிற அமைப்பில்தான் எடுத்துத் தருவார்கள், பெரும்பாலும் 300 டிபிஐ, கலர், எல்லாப் பக்கமும் ஒரே பிடிஎஃப்பில். 300 நல்லதுதான், அது ‘மூலம்’ போல்டருக்கு வேண்டும். “அண்ணை, ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனி ஜேபெக்கா தாங்கோ” என்று மட்டும் முதலே சொல்லிவிடுங்கள், பிறகு பிரிக்கிற வேலை மிச்சம்.

“லிங்க் பண்ணி அனுப்பினேன், அங்கே திறக்கவில்லை”

உண்மையில் நல்ல வழி லிங்க்தான். ஷீட் என்பது பதிவேடு, அதற்குள் பத்திரங்களை அடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை; யாருடைய பத்திரம் எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும். ஆனால் ஒப்ஜெக்ட் வழியாக ‘லிங்க் டு பைல்’ போட்டால் உங்கள் லப்டொப்பின் முழு முகவரியையும் எழுதி வைக்கும், அந்த முகவரி வவுனியாவில் இருப்பவரின் கணினியில் இல்லை.

இப்படிச் செய்யுங்கள். எக்செல் பைல் இருக்கிற இடத்திலேயே ஒரு போல்டர் திறந்து, படங்களுக்கு உறுப்பினர் இலக்கத்தையே பெயராக வையுங்கள். ஆளின் பெயரையோ அடையாள அட்டை இலக்கத்தையோ வைக்காதீர்கள். ஏ நிரலில் உறுப்பினர் இலக்கம் இருந்தால், பக்கத்து நிரலில் ஹைப்பர்லிங்க் என்ற ஃபங்ஷனைப் போட்டு, மேற்கோள் குறிக்குள் போல்டரின் பெயரும் பின்சாய் கோடும், பிறகு & குறி போட்டு ஏ2 கலம், பிறகு இன்னொரு & போட்டு மேற்கோளுக்குள் படத்தின் வால். கமா போட்டு மேற்கோளுக்குள் ‘பார்’ என்று எழுதினால் கலத்தில் அந்தச் சொல் மட்டும் தெரியும். முதல் வரியில் ஒரு தரம் எழுதி கீழே இழுத்தால் 43 பேருக்கும் தானாக வந்துவிடும். முகவரியில் ட்ரைவின் பெயர் இல்லாததால் பைலும் போல்டரும் ஒன்றாகப் போகும் வரை எந்தக் கணினியிலும் வேலை செய்யும். அனுப்பும்போது இரண்டையும் சேர்த்து ஒரே சிப்பாகக் கட்டுங்கள், பெறுபவரிடம் முதலில் எக்ஸ்ட்ராக்ட் பண்ணிவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள், சிப்புக்குள் வைத்தபடி திறந்தால் லிங்க் ஓடாது. போனில் திறப்பவருக்கும் இது உதவாது, அவருக்குப் படம் ஒட்டிய சின்னன் பைல்தான் சரி.

“படங்களை அழித்தேன், பாரம் போகவில்லை”

அழிந்தது மேலே தெரிந்தது மட்டுமாக இருக்கலாம். வரிகளைக் கொப்பி பண்ணும்போது படமும் சேர்ந்து வந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், அல்லது வரியை ஒடுக்கும்போது உயரமே இல்லாமல் நசிந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். ஓல்ட் விசையோடு எஃப்10 அமத்துங்கள், வலது பக்கம் ‘செலக்ஷன் பேன்’ திறந்து அந்த ஷீட்டில் இருக்கிற எல்லாப் படத்தையும் பெயரோடு காட்டும். 43 இருக்க வேண்டிய இடத்தில் 129 என்று நின்றால் விளங்கிவிடும். ஷீட் தாவலில் ரைட் கிளிக் பண்ணி ‘அன்ஹைட்’ இருக்கிறதா என்றும் பாருங்கள்; போன வருடத்து ஷீட்டை யாரோ ஒளித்து வைத்திருப்பார்கள், படங்களோடு.

“படமே இல்லை, இருந்தும் 20 எம்பி”

கொன்ட்ரோலோடு எண்ட் அமத்துங்கள். உங்கள் பட்டியல் 50 ஆம் வரியில் முடிய, சுட்டி 1,048,576 ஆம் வரியில் போய் நின்றால், யாரோ பட்டியலுக்குக் கீழே கடைசி வரி வரைக்கும் கலங்களை இழுத்துத் தெரிவு செய்து நிறமோ கோடோ போட்டிருக்கிறார்கள். 51 இலிருந்து கடைசி வரைக்கும் வரிகளைத் தெரிவு செய்து, ரைட் கிளிக்கில் டிலீட் கொடுத்து, சேவ் பண்ணி மூடித் திறந்து பாருங்கள். விசைப்பலகை டிலீட் போதாது, அது எழுத்தை மட்டும்தான் அழிக்கும்.

“மெயில் திருப்பி அனுப்புகிறது”

ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. ஆனால் இணைப்பை அனுப்பும்போது மெயில் அதை வேறு எழுத்தாக மாற்றுவதால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும், ஆகவே 18 எம்பியைத் தாண்டினாலே சந்தேகம்தான். சிப் பண்ணினால் குறையும் என்று இருக்காதீர்கள். எக்செல் பைல் ஏற்கெனவே சிப், உள்ளே இருக்கிற ஜேபெக்கும் ஏற்கெனவே ஒடுக்கியது. பஞ்சை அமத்தலாம், செங்கல்லை அமத்தி என்ன செய்வது?

வட்ஸ்அப்பில் பத்திரப் படத்தை போட்டோவாக அனுப்பினால் அது தன் பாட்டுக்குச் சுருக்கிவிடும். ‘டொகியுமென்ட்’ என்று அனுப்புங்கள், இருந்தபடியே போகும். இதை மற்றவர்களுக்கும் சொல்லி வையுங்கள், ஏனென்றால் வட்ஸ்அப்பில் வந்த மங்கல் போட்டோவை ‘மூலம்’ என்று வைத்துக்கொண்டிருக்கும் சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் தாள் கையில் இருக்கும்போதே திரும்ப ஸ்கான் பண்ணிவிடுங்கள்.

மூலப் போல்டரை மெயிலில் அனுப்ப முயலவே வேண்டாம். அக்காவின் மூலப் போல்டரை இரண்டு பென் ட்ரைவில் போட்டோம். ஒன்று அவரிடம், மற்றது தலைவரின் வீட்டில், ஓடு போட்ட அறையில், ரொபி டின்னுக்குள், தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேலே இருக்கிற தட்டில்.